டயர் காற்று விளக்கு எரிந்தால் ரீசெட் பட்டனைக் கடைசியில் தொடுங்கள்

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், கார் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. ஒரு நாள் காலையில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. யாரோ சொன்னார்கள் என்று செட் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார், விளக்கும் அணைந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்த வண்டியைத் தாண்டிப் போகும்போது, பின்பக்க இடது டயர் தரையைத் தொடும் இடத்தில் பிதுங்கி நிற்பதைப் பார்த்து, வீட்டிலிருந்து டயர் காற்றை அளக்கும் கேஜ் எடுத்து வந்து வைத்தேன். 21 பிஎஸ்ஐ. கதவுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 என்று இருக்கிறது.

காற்று குறைந்த நிலையிலேயே ரீசெட் செய்ததால், இதுதான் சரியான அளவு என்று அவரே காருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அப்புறம் அது எப்படி எச்சரிக்கும்? டிபிஎம்எஸ், அதாவது டயர் காற்றைக் கண்காணித்து இந்த விளக்கைப் போடும் அமைப்பு, இந்த விஷயத்தில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்: செய்த வேலை தவறில்லை, செய்த வரிசை தவறு. அதனால் கீழே இருப்பதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

சொந்தமாக ஒரு டயர் கேஜ். இது இல்லாமல் மற்ற எதையும் தொடங்காதீர்கள். பங்க்கில் இருக்கும் மெஷின்கள் ஒன்றுக்கொன்று 2, 3 பிஎஸ்ஐ மாறிக் காட்டுவது சாதாரணம். எப்போதும் ஒரே கேஜில் அளந்தால்தான் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது தெரியும்.

12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர் இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர், நாலைந்து பிளாஸ்டிக் வால்வு மூடிகள், காருடன் வந்த மேனுவல். அவ்வளவுதான்.

காற்று அளவைப் பார்க்க வேண்டிய இடம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் 44, 51 மாதிரியான எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, நீங்கள் அடிக்க வேண்டிய அளவு இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு 44 அடித்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2. உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வகை இருக்கிறது. அடுத்து வரும் ஒவ்வொரு படியும் இதைப் பொறுத்து மாறும் என்பதால்தான் இதை இவ்வளவு முன்னால் வைக்கிறேன்.

திரையில் நாலு டயருக்கும் தனித்தனியாக எண் வருகிறதா? அப்படியானால் நேரடி வகை, அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. கியா செல்டோஸில் வருவதும், ஹூண்டாய் தன் கார்களில் ஹைலைன் என்ற பெயரில் கொடுப்பதும் இது.

எண் எதுவும் வராமல் விளக்கு மட்டும் எரிந்து, கூடவே ஒரு செட் பட்டனோ மெனுவில் ரீசெட்டோ இருந்தால் பெரும்பாலும் மறைமுக வகை. டாடா நெக்ஸானில் ஐ-டிபிஎம்எஸ் என்று போட்டிருப்பார்கள், ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக்கிலும் இந்த வகைதான். இதில் டயருக்குள் எதுவும் கிடையாது. ஒரே காரில் வேரியண்ட்டுக்கு வேரியண்ட், வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பாமல் மேனுவலில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

3. உள்ளே என்ன நடக்கிறது

நேரடி வகையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பெட்டி, வால்வின் உள்முனையில் ரிம்மோடு ஒட்டி நிற்கும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, தன் அடையாள எண்ணோடு சேர்த்து ரேடியோ அலையில் அனுப்பும், நம் ஊர் கார்களில் பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸில். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் இருப்பதால்தான் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் காரின் டயரை உங்கள் கார் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வதில்லை.

சென்சாருக்குள் இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரி பல வருடம் தாங்க வேண்டும், அதனால் கார் நிற்கும்போது அது கிட்டத்தட்டத் தூங்கும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு, பல மாடல்களில் 20, 30 கிலோமீட்டர் வேகம் தாண்டிய பிறகுதான் ஒழுங்காகச் செய்தி அனுப்பும். பங்க்கில் காற்று அடித்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தால் திரையில் பழைய எண்ணே இருப்பது இதனால்தான். எண் ஏறவில்லையே என்று மறுபடி போய்க் காற்று அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், மாறும்.

மறைமுக வகை வேறு மாதிரி. பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் ஏபிஎஸ் சென்சார்கள் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு டயரில் காற்று குறைந்தால் அது கொஞ்சம் தாழும், சுற்றளவு கொஞ்சமே கொஞ்சம் சுருங்கும், அதே தூரத்தைக் கடக்க மற்ற மூன்றை விட அது கூடுதலாகச் சுற்ற வேண்டும். இந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது என்பதால் கார் உடனே முடிவெடுக்காது, சில கிலோமீட்டர் கவனித்துவிட்டுத்தான் விளக்கைப் போடும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாலு டயரிலும் ஒரே அளவு காற்று குறைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. புதிய கார்கள் டயரின் அதிர்வையும் சேர்த்துப் பார்த்து இதை ஓரளவு கண்டுபிடிக்கின்றன, பழையவை கண்டுபிடிக்காது. நாலைந்து மாதம் கேஜே வைக்காமல் விளக்கை மட்டும் நம்பி ஓட்டினால் நாலும் 26-இல் வந்து நிற்கும், விளக்கு அமைதியாக இருக்கும்.

4. விளக்கு என்ன சொல்கிறது என்று படியுங்கள்

எரிந்து அப்படியே நின்றால் காற்று குறைவு. கார் எடுத்ததும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டு அப்புறம் நின்று எரிந்தால், பிரச்சினை காற்றில் இல்லை, சிஸ்டத்தில்: சென்சார் பேட்டரி முடிந்திருக்கலாம், சென்சார் இல்லாத சக்கரம் மாட்டியிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மினுக்கும் விளக்குக்காகக் காற்று அடித்துக்கொண்டே இருப்பது வீண் வேலை.

ஓட்டும்போது எரிந்தால் பதறிப் பிரேக் அடிக்காதீர்கள். வேகத்தை மெதுவாகக் குறைத்து, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனித்து, ஓரமாக நிறுத்தக்கூடிய இடமாகப் பார்த்து இறங்குங்கள். நேரடி வகை என்றால் எண்ணைப் பாருங்கள்: 28, 26, 23 என்று கண் முன்னாலேயே இறங்கினால் அடுத்த பங்க் வரை போகலாம் என்ற எண்ணம் வேண்டாம். நெடுஞ்சாலையில் காற்றில்லாத டயர் இரண்டு கிலோமீட்டர் ஓடினாலே பக்கச்சுவர் நசுங்கி உள்ளே கருப்புத் தூளாக உதிர்ந்திருக்கும், அப்புறம் அந்த டயரைப் பஞ்சர் ஒட்டியும் பயனில்லை.

முக்கியமான விஷயம், இந்த விளக்கு ரொம்பத் தாமதமாகத்தான் எரியும். பல கார்களில் பரிந்துரைத்த அளவிலிருந்து 20 முதல் 25 சதவீதம் குறைந்த பிறகுதான். 33 வேண்டிய டயர் 25, 26-க்கு இறங்கினால்தான் அது வாயைத் திறக்கும். 28-இல் ஓடும் டயருக்கு விளக்கு எரியாது, ஆனால் டயர் சூடாகும், ஓரம் தேயும், மைலேஜ் குறையும். விளக்கு எரியவில்லை என்பதை வைத்துக் காற்று சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள்.

5. டயர் ஆறியிருக்கும்போது அளந்து, காற்றைச் சரிசெய்யுங்கள்

ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஆறிய டயருக்கானது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். வெயில் ஏறும் முன் காலையில் அளப்பது நல்லது. ஓடிச் சூடான டயர் 4, 5 பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கக் கூடாது. ஆறியதும் அது குறைவாகத்தான் நிற்கும்.

பங்க் தூரத்தில் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். வீட்டிலேயே காலையில் நாலையும் அளந்து எழுதுங்கள். முன் வலது 28, வேண்டியது 33, குறைவு 5. பங்க் போவதற்குள் டயர் சூடாகி அங்கே 31 காட்டுகிறதா, மெஷினில் 36 வையுங்கள். வீட்டில் கண்ட குறைவைக் கூட்டுவதுதான் கணக்கு, 33-ஐப் பிடிப்பது இல்லை. காற்று பிடிக்கும் தம்பி எல்லாவற்றுக்கும் 35 என்று சொல்லிக்கொண்டே அடிப்பார், ஒவ்வொரு டயருக்கும் என்ன எண் என்று நீங்கள்தான் நின்று சொல்ல வேண்டும்.

மலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வத்தலக்குண்டில் மதியம், ஓடிச் சூடான டயரில் 33 வைத்துக்கொண்டு கொடைக்கானல் ஏறுகிறீர்கள். மறுநாள் காலை 10 டிகிரி குளிரில் வண்டியை எடுத்தால் திரை 26 பக்கம் காட்டும், சில கார்களில் விளக்கே எரிந்துவிடும். பஞ்சர் இல்லை. ஏறத்தாழ 5, 6 டிகிரி வெப்பம் இறங்கினால் 1 பிஎஸ்ஐ குறையும், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. கீழேயே டயர் ஆறியபோது 33 வைத்திருந்தால் மேலே 29 காட்டும், விளக்கும் வராது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதே 29 காட்டும் டயரில் கை கேஜ் வைத்தால் 32 காட்டும்! கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தை விட 3 பிஎஸ்ஐக்கு மேல் குறைவு. கை கேஜ் டயருக்கு உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது, டயருக்குள் இருக்கும் பல சென்சார்களோ உள்ளே இருப்பதை மட்டும் அளந்து கடல்மட்ட அழுத்தத்தைக் கழித்துக் காட்டுகின்றன. இரண்டும் பொய் சொல்லவில்லை. கை கேஜ் சரியாகக் காட்டினால் மலை மேல் காற்று அடிக்காமல் விடுங்கள், கீழே இறங்கியதும் ஒரு காலைப் பொழுதில் அளந்துகொள்ளலாம்.

6. ரீசெட்டுக்கு முன் ஏன் குறைந்தது என்று தேடுங்கள்

நாலிலும் சமமாகக் குறைந்திருந்தால் குளிர், இல்லையென்றால் நாள் ஆகிவிட்டது. நல்ல டயரே மாதம் 1, 2 பிஎஸ்ஐ இழக்கும். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் கசிவு, அதைக் கண்டுபிடிக்காமல் காற்று மட்டும் அடித்தால் அடுத்த வாரம் இதே இடத்தில் நிற்பீர்கள்.

முதலில் வால்வு. மூடியைக் கழற்றிவிட்டு சோப்புத் தண்ணீரை வால்வு வாயிலும், அது ரிம்மோடு சேரும் இடத்திலும் விடுங்கள். பஞ்சர் கடையில் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். ஆனால் சென்சார் உள்ள உலோக வால்வில் அடிப்பக்க ரப்பர் வாஷரிலிருந்தும் கசியும் என்பதால் அடியையும் நனைக்க வேண்டும். அப்புறம் ட்ரெட், அதாவது சாலையில் படும் பகுதி, முழுவதும், கடைசியாக டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு. நுரையில் ஒரே இடத்தில் சின்னக் குமிழ் விட்டுவிட்டு எழும், அரை நிமிடமாவது பொறுமையாகப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

ஆணி தெரிந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் அந்த ஆணியே பாதி அடைப்பு, அதோடு கடை வரை போய்விடலாம்.

7. இப்போது ரீசெட்

மறைமுக வகைக்கு: நாலும் சரியான காற்றோடு, ஆறிய நிலையில், வண்டி நின்றிருக்க, இக்னிஷன் போட்டுப் பட்டனைப் பிடியுங்கள் அல்லது மெனுவில் கொடுங்கள். இதன் அர்த்தம் 'விளக்கை அணை' இல்லை, 'இப்போது இருக்கும் நிலையை மனப்பாடம் செய்' என்பது. அதன் பிறகு ஓட ஓடத்தான் அது கற்றுக்கொள்ளும், வெவ்வேறு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். டயர் மாற்றினாலும், இடம் மாற்றினாலும், குடும்பத்தோடு ஊருக்குப் போக ஸ்டிக்கரில் உள்ள முழுச் சுமை அளவுக்குக் காற்றைக் கூட்டினாலும் மறுபடி ரீசெட் தேவை.

நேரடி வகையில் பெரும்பாலும் ரீசெட்டே வேண்டாம், காற்று சரியானால் ஓடத் தொடங்கியதும் விளக்கு தானாக அணையும். அணையவில்லை என்றால் கேஜில் மறுபடி பாருங்கள். ஏதோ ஒரு டயர் இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

8. பஞ்சர் கடையிலும் டயர் கடையிலும் வாய் திறந்து சொல்லுங்கள்

நேரடி வகைக்காரர்கள் இந்தப் பகுதியை விடாதீர்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்றும் முன்பே, உள்ளே சென்சார் இருக்கிறது, வால்வுக்குப் பக்கத்தில் அழுத்தாதீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு கடையில் என் கண் முன்னால் டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெஷினின் தட்டு நேராக வால்வுக்கு மேல் இறங்கியது, சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சின்ன சத்தம், டயரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து இரண்டு துண்டாகச் சென்சார் விழுந்தது. வேலை செய்த பையனுக்கு அப்படி ஒரு பொருள் உள்ளே இருப்பதே தெரியாது. அவனைத் திட்டி என்ன பயன், முன்பே சொல்லாதது என் தவறு.

டயர் மாற்றும்போது உலோக வால்வின் ரப்பர் வாஷர், நட்டு, உள்பின் (வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசி) எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். உள்பின் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும், சாதாரணப் பித்தளைப் பின்னை அலுமினிய வால்வில் போட்டால் அரித்துப் பிடித்துக்கொள்ளும், கழற்றப் போனால் வால்வே உடையும். பளபளவென்று இருக்கும் உலோக மூடிகளும் இதே காரணத்தால் வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

டயர்களை முன்பின் மாற்றிப் போட்டால் சில கார்கள் இடத்தைத் தாமாகவே புரிந்துகொள்ளும், சிலவற்றுக்குக் கருவி வைத்துச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராவிட்டால் திரை 'முன் இடது' என்று காட்டும், காற்று குறைந்திருப்பது பின் இடதாக இருக்கும். சோதிப்பது சுலபம்: ஒரு டயரில் மட்டும் 3 பிஎஸ்ஐ இறக்கி, கொஞ்சம் ஓட்டி, எந்த எண் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப அடித்துவிடுங்கள்.

ஸ்டெப்னியில் பெரும்பாலும் சென்சார் இருக்காது, அதை மாட்டி ஓட்டும்போது விளக்கு மினுக்கினால் பயப்பட வேண்டாம். 2020-இல் வந்த விதித் திருத்தத்தின்படி டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம், அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் கிட்டில் உள்ள பசையை டயருக்குள் விட்டிருந்தால் கடையில் மறக்காமல் சொல்லுங்கள். அது சென்சாரின் நுண்துளையை அடைத்துக்கொள்ளும், டயரைக் கழற்றி உடனே துடைத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

9. சென்சார் பேட்டரி தீர்ந்தால்

பொதுவாக 5 முதல் 10 வருடம். முதலில் ஒரு டயரின் எண் மட்டும் விட்டுவிட்டு வரும், அப்புறம் கோடு மட்டும் நிற்கும். பேட்டரியைப் பசை ஊற்றி மூடியிருப்பதால் அதை மட்டும் மாற்ற முடியாது, முழுச் சென்சாரையே மாற்ற வேண்டும்.

வாங்கும்போது அலைவரிசை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, உங்கள் காரின் மாடல், வருடம் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு அதன் அடையாள எண்ணைக் காருக்குச் சொல்லித்தர வேண்டும். சில கார்கள் ஓடும்போதே கற்றுக்கொள்ளும், மற்றவற்றுக்கு ஓபிடி, அதாவது காரில் சோதனைக் கருவி செருகும் சாக்கெட், வழியாகச் செய்ய வேண்டும். அதைச் செய்யும் கருவி கடையில் இருக்கிறதா என்று டயரைக் கழற்றுவதற்கு முன்பே கேளுங்கள். ஏழெட்டு வருடமான கார், எப்படியும் நாலு டயரும் மாற்றப் போகிறீர்கள் என்றால், நாலு சென்சாரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் தீரத் தீர ஒவ்வொரு முறையும் கழற்றல் கூலி.

10. டிபிஎம்எஸ் இல்லாத காருக்கு வெளியில் வாங்கி மாட்டுவது

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வகை, உள்ளே பொருத்தும் வகை என்று இரண்டு. மூடி வகையை நீங்களே பத்து நிமிடத்தில் மாட்டலாம். ஒவ்வொன்றிலும் எந்தச் சக்கரத்துக்கு என்று எழுதியிருக்கும், மாற்றிப் போடாதீர்கள். மாட்டும் வரிசை: முதலில் காற்றைச் சரிசெய்து, அப்புறம் பூட்டு நட்டைப் போட்டு, அதன் மேல் சென்சாரைக் கையால் இறுக்கி, கடைசியில் சோப்புத் தண்ணீர். இந்தச் சோப்புத் தண்ணீர்ப் படியை விட்டுவிட்டு, காற்றைக் காக்க வாங்கிய பொருளாலேயே ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கி நின்ற கார்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய ரப்பர் வால்வாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வேகமாக ஓடும்போது அந்தச் சின்ன எடையும் வால்வை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், விரிசல் விட்ட ரப்பர் அதைத் தாங்காது.

பிறகு திரையில் எச்சரிக்கை எல்லை. பெட்டியிலிருந்து வரும்போது அதில் ஏதோ ஒரு பொது எண் வைத்திருப்பார்கள். உங்கள் ஸ்டிக்கர் 33 என்றால் கீழ் எல்லையை 28 வையுங்கள், மேல் எல்லையை 42 பக்கம். மேல் எல்லையை 36 என்று நெருக்கி வைத்தால் மே மாத வெயிலில் திண்டிவனம் தாண்டும் முன்பே அது கத்தத் தொடங்கும், நீங்களும் எரிச்சலில் சத்தத்தை அணைத்துவைப்பீர்கள்.